ஒன்பதாவது வரியின் மேல் ஒரு கோடு

கலர் மெயில் நல்லதா, கலர் இல்லாத மெயில் நல்லதா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் பயம்தான் வரும். பதில் அப்புறம்தான் வரும்.

போன மாதம் கவிதா போனில் கேட்டாள். நான் கடைசி வரை வேலை பார்த்த பனியன் கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். புதிதாக வந்த மேனேஜர், இனிமேல் மெயிலில் சிவப்பு, பச்சை, தடித்த எழுத்து, கட்டம் எதுவும் கூடாது, வெறும் எழுத்து மட்டும்தான் என்று உத்தரவு போட்டுவிட்டாராம். ஆபீஸே இரண்டுபட்டுக் கிடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வேறு.

"வெளிநாட்டுப் பையருங்க எல்லாம் கலர் கலராத்தானுங்க மேடம் அனுப்பறாங்க. நாம மட்டும் கருப்பு வெள்ளைப் படம் ஓட்டறதுங்களா? நீங்க இத்தனை வருசம் மெர்ச்சண்டைசரா இருந்தவங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாருங்க. எதுங்க நல்லது?"

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க ஒரே ஒரு மெயிலின் ஒரே ஒரு வரிதான் கண் முன்னால் வந்து நின்றது. அதனால் அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கவிதா படிக்கட்டும். அந்த மேனேஜரும் படிக்கட்டும்.

என் ஊர் கணியூர் பக்கம். பி.காம் முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணிவிட்டு, வீரபாண்டியில் இருந்த அந்தக் கம்பெனிக்கு வந்தபோது என்னைச் செக்கிங் டேபிளில்தான் போட்டார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று ஒரு வருடம் பனியனைப் புரட்டினேன். இங்கிலீஷ் வரும் என்று தெரிந்ததும் ஃபேக்ஸ் மெஷினுக்கு மாற்றினார்கள். ஃபேக்ஸ் போய் மெயில் வந்தபோது நானும் கூடவே மெயிலுக்கு வந்து மெர்ச்சண்டைசர் ஆனேன். பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர், கேட்பதைக் கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனியால் ஆவதை வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லி, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிற வேலை. பயிற்சி என்று யாரும் தரவில்லை. திட்டு வாங்கினேன், அதுதான் பயிற்சி.

திட்டியவர் துரைசாமி சார். எங்கள் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். ஒல்லியான மனிதர், எப்போதும் முழுக்கைச் சட்டை, மேல் ஜோப்பில் ஒரே ஒரு சிவப்புப் பேனா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். கண்ணாடியைக் கழற்றி, மேசையில் கிடக்கும் பனியன் துண்டில் துடைக்க ஆரம்பித்தார் என்றால் யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். துடைத்து முடிக்கிறவரை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டோம். ஹெல்பரைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். பெண்கள் எல்லோரும் அவருக்கு அம்மிணி. திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது. அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

அவருக்கும் ஒரு பயம் உண்டு. நான் மெயிலுக்கு வந்த புதிதில், சீசன் உச்சத்தில் இருந்தபோது, டிசைன் பார்க்கிற மேசைக்குப் பூவும் பட்டாம்பூச்சியுமாக ஒரு மெயில் வந்தது. யாரோ வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று திறந்தார்கள். உள்ளே வைரஸ் இருந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் நாலு கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன. ஆர்டர் விவரம் அத்தனையும் போய்விட்டது. ஒவ்வொரு பையருக்கும் ஃபேக்ஸ் போட்டு, "நீங்கள் எங்களிடம் என்ன கேட்டீர்கள் என்று தயவுசெய்து மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டிய நிலை. அந்த ஃபேக்ஸை டைப் அடித்தவள் நான். சார் அதை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் மெயிலுக்கு நிறம் கிடையாது. போகிற மெயில் மட்டுமில்லை, வருகிற மெயிலும் அப்படித்தான். யார் எப்படி அலங்காரம் செய்து அனுப்பினாலும், நிறம், படம், தடிமன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே உரித்துப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் காட்டும்படி செட்டிங் மாற்றிவிட்டார்.

"கலரு துணிக்குத்தானுங்க. கடுதாசிக்கு எதுக்குங்க கலரு?" என்பார்.

அவரைக் குறை சொல்லவில்லை. டயல்-அப் இணைப்பு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த காலம் அது. படம் வைத்த மெயில் ஒன்று இறங்குவதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம். அவர் முறைப்படி எழுதினால் எதுவும் குழம்பாது. ஒரு வரியில் ஒரு சமாச்சாரம். வரிக்கு முன்னால் நம்பர். பையர் பதில் எழுதும்போதும் அதே நம்பர். இன்றைக்கும் எனக்கு மளிகைச் சாமான் சீட்டைக்கூட நம்பர் போட்டுத்தான் எழுத வரும்.

காலை ஒன்பது மணிக்கு அன்றைய மெயில்களைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஊசி பிரிண்டர், ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர் காகிதம். ஓரத்தைக் கிழித்துவிட்டு நான் நின்றபடி சத்தமாகப் படிப்பேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆட்கள் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் சம்பந்தப்பட்டவர் "புரிஞ்சுதுங்க" என்று சொன்னால்தான் சார் சிவப்புப் பேனாவால் டிக் போடுவார். கடைசியில் அவர் கையெழுத்து, என் கையெழுத்து. பிறகு அந்தத் தாள் ஆர்டர் பைலுக்குள் போகும். பைலில் இருப்பதுதான் வேதம். பைலில் இருப்பதைப் பற்றிப் பையரிடம் கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்காது. "நாம படிக்காமயே கேக்கறோம்னு நெனைச்சுக்குவாங்க அம்மிணி" என்பார், மிக மெதுவான குரலில்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான, தலையை மூடுகிற ஹூட் வைத்த ஸ்வெட் சட்டை. அரக்கு நிறம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் அளவு. மொத்தம் மூவாயிரத்து அறுநூறு பீஸ். ஹூட்டின் ஓரத்தில் இரண்டு உலோக ஓட்டை, அதன் வழியே உருண்டைக் கயிறு, கயிற்றின் இரு நுனியிலும் முடிச்சு. சாம்பிள் அனுப்பினோம். அழகாக இருக்கிறது என்று எழுதினார்கள். அதே மாதிரி ஒன்றை எங்கள் கைவசம் வைத்திருந்தோம். ஆர்டர் துணி வெட்டுக்குப் போனதும் அந்தச் சாம்பிள் யாருக்கும் தேவைப்படாது. சிறு குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது போய்விடும், எங்கள் ஊர்க் கம்பெனிகளில் வழக்கம்தான். என் மகள் ஜெனிக்கு அப்போது மூன்றரை வயது. நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, பையர் ஆபீஸில் புதிதாக வேலைக்கு வந்திருந்த இங்க்ரிட் என்ற பெண் கடைசித் திருத்தங்களை அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு வரி. வழக்கம்போல நான் படித்தேன். எட்டாவது வரி, பாக்கெட் தையல். தையல் சூப்பர்வைசர் "புரிஞ்சுதுங்க" என்றார். டிக். ஒன்பதாவது வரி, ஹூட் கயிறு, உருண்டைப் பின்னல், துணியின் நிறத்திலேயே. டிக். பத்தாவது வரி, ஹூட் ஓட்டைகள் அலங்காரத்துக்காக அப்படியே இருக்கலாம். அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கு இருமல் வந்தது. சார் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு மீதி இரண்டு வரியையும் படித்தேன். இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

துணி வெட்டி, தைத்து, செக் பண்ணி, பெட்டிக்கு இருபத்து நாலாக நூற்று ஐம்பது பெட்டி கட்டினோம். அந்தப் பையருக்கு எங்கள் மேல் நம்பிக்கை. கடைசிச் சோதனைக்கு ஆள் அனுப்பாமல் எங்களையே பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பைலை வைத்துக்கொண்டு பார்த்தோம். பைலில் கயிறு இருந்தது, சட்டையிலும் கயிறு இருந்தது. ஒரு புதன்கிழமை மதியம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. வெள்ளிக்கிழமை காலை சரக்கைக் கண்டெய்னரில் ஏற்றிக் கப்பலுக்குக் கொடுக்க வேண்டும்.

லாரி போய் மூன்று மணி நேரம் இருக்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருடைய மகன் வாங்கி வைத்த புதுக் கம்ப்யூட்டர் அவர் அறையில் இருந்தது. எல்லா மெயிலின் நகலும் அவருக்கும் போகும். ஆனால் அவர் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

"ஏனம்மிணி, அந்த அரக்குச் சட்டைக்குப் பேங்குல என்னமோ கேக்கறாங்க. ஆர்டர் நம்பர எடுத்துக் குடுங்க."

நான் அவர் கம்ப்யூட்டரில் தேடினேன். இங்க்ரிட்டின் மெயில் திறந்தது. எங்கள் செட்டிங் அந்தக் கம்ப்யூட்டரில் போடவில்லை. மெயில் முழுக்க நிறம். சில வரி நீலம், சில வரி சிவப்பு. நான் ஆர்டர் நம்பரைப் பார்க்காமல் நடுவில் பார்த்தேன். ஒன்பதாவது வரியின் மேல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒரு கோடு ஓடியது.

அடித்துவிட்டிருந்தாள். கயிறு வேண்டாம் என்று எழுதவில்லை, கயிறு என்ற வரியையே அடித்துவிட்டிருந்தாள். எங்கள் கம்ப்யூட்டர் நிறத்தை உரித்தபோது அந்தக் கோட்டையும் சேர்த்து உரித்துவிட்டது. வேண்டாம் என்றது எங்களுக்கு வேண்டும் என்று வந்து சேர்ந்திருக்கிறது.

முதலாளி, "என்னாச்சு அம்மிணி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டார். ஓடிப்போய்த் துரைசாமி சாரைக் கூட்டிவந்தேன்.

சார் குனிந்து பார்த்தார். அந்தக் கோட்டின் மேல் விரல் நகத்தால் சுரண்டினார், ஏதோ தூசி ஒட்டியிருக்கிறது என்பதுபோல. பிறகு நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். அதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

"பைலையும், அவங்க அனுப்புன மேனுவலையும் எடுத்துட்டு வாங்க அம்மிணி."

மேனுவல் என்பது பையர் அனுப்பியிருந்த தடித்த புத்தகம். பெட்டியின் அளவு பார்க்க மட்டும் திறப்போம். சார் குழந்தைத் துணிப் பகுதியைப் புரட்டி நின்றபடி படித்தார். சிறு குழந்தைகளின் ஹூட்டில் கயிறு கூடாது. விளையாடும்போது கயிறு எதிலாவது சிக்கிக் கழுத்தை இறுக்கலாம். அவ்வளவுதான், இரண்டு வரி. அந்தப் புத்தகம் அரை வருடமாக எங்கள் அலமாரியில் இருந்தது.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "சாம்பிள்ல கயிறு இருந்துதுங்களே துரைசாமி? அவங்கதானுங்களே நல்லாருக்குதுன்னாங்க?"

"இருந்துதுங்க. அப்பறம் வேண்டாம்னு அடிச்சிருக்காங்க. நம்ம கண்ணுக்குத் தெரியலீங்க. நாந்தானுங்க தெரியாத மாதிரி பண்ணி வெச்சவன்."

"அப்படியே போனா என்னாகுமுங்க?"

"மூவாயிரம் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஒரு கொழந்தைக்கு ஆயிருமுங்க."

முதலாளி மேனுவலைத் தன் பக்கம் இழுத்து அந்த இரண்டு வரியையும் தானே ஒரு தடவை பார்த்தார். இவர் "போனது போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அந்த மனிதர் அப்படிச் சொல்லவில்லை.

"டிரைவருக்குப் போன் போடுங்க" என்றார்.

போட்டோம். போன் அணைந்திருந்தது. பத்து தடவை போட்டோம், அதே கதை. கடைசியில் தூத்துக்குடியில் சரக்கு ஏற்றிவிடுகிற ஏஜென்ட்டைப் பிடித்து, பெட்டி வந்தால் குடோனில் இறக்கி வையுங்கள், கண்டெய்னர் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னோம். இருபது பேர் வேனில் விடியும்போது கிளம்புவது என்று முடிவானது. சார் பேர் எழுத ஆரம்பித்தார். முதல் பேர் என்னுடையது.

"ஸ்டெல்லா அம்மிணி, ஊட்டுக்குப் போயிட்டு வெடியால வந்துருங்க. கொழந்தைய யாரு பாத்துக்குவாங்க?"

குழந்தை என்ற சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் ஒரு அரக்குச் சட்டை இருக்கிறது. ஜெனி அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து மூன்று வாரமாகத் துவைத்துத் துவைத்து அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்பதுபோலப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். என்னென்னவோ தோன்றியது. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு முன்னால் ஒரு கம்பிக் கேட் உண்டு. அதில் ஏறி நின்று ஆட்டிக்கொண்டிருப்பது பிள்ளைகளின் விளையாட்டு. என் வீட்டுக்காரர் வேறு கம்பெனியில் பவர்டேபிள் என்கிற மின்சாரத் தையல் மெஷின் வேலைக்குப் போய்விட்டு வந்து திண்பண்டம் வாங்க முக்குக் கடைக்குப் போயிருந்தார். ஜெனி கேட்டின் கீழ்க் கம்பியில் நின்றிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கயிற்றின் முடிச்சு கேட்டின் கீல் இடுக்கில் மாட்டியிருந்தது. அவள் இழுக்கிறாள், கேட் ஆடுகிறது, கயிறு இன்னும் உள்ளே போகிறது.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அம்மா, பாரு. கேட்டு என்னையப் புடிச்சு வெச்சுட்டு உட மாட்டீங்குது."

அவள் கால் ஒன்று கம்பியிலிருந்து வழுக்கியது. நான் பாய்ந்து அவளைத் தூக்கிக்கொண்டேன். ஒரு கையால் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஹேண்ட்பேக்கில் நூல் வெட்டுகிற கத்தரியைத் தேடினேன். அது கைக்குச் சிக்கவே இல்லை. சிக்கியதும் வெட்டினேன். கயிற்றை முழுக்க உருவி எறிந்துவிட்டு அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சட்டையைக் கெடுத்துவிட்டேன் என்று ஜெனி அழுதாள். அவள் கழுத்தில் காது ஓரமாக ஒரு சிவந்த தடம் இருந்தது. மறுநாள் அது மறைந்துவிட்டது என்று அவள் அப்பா சொன்னார். நான் பார்க்கவில்லை. விடியும்போது வேனில் இருந்தேன்.

தூத்துக்குடி குடோனில் பெட்டிகள் பத்திரமாக இருந்தன. சார் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு சட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"இந்தப் பக்கம் முடிச்ச அவுக்கோணும். அந்தப் பக்கம் புடிச்சு ஒரே இழுப்பு. ஓட்டையில நூலு பிரியாமப் பாத்துக்குங்க. உருவுன கயிறெல்லாம் பத்துப் பத்தாக் கட்டி எங்கிட்டக் குடுங்க. மூவாயிரத்து அறுநூறு சட்டைக்கு மூவாயிரத்து அறுநூறு கயிறு கணக்கு வந்தாகோணும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே அந்த முதல் கயிற்றை அவர் உருவினார். நாங்கள் ஆரம்பித்தோம். கடற்கரைப் புழுக்கம், வேர்வை துணியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமை தூக்குகிற அண்ணாச்சி ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏம்மா, கயித்தப் புடுங்கதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திய? அங்க வச்சே புடுங்கியிருக்கலாம்லா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு கயிற்றை இழுக்கும்போதும் அந்தக் கேட்தான் கண்ணில் ஆடியது.

ராத்திரி இரண்டு மணிக்கு முடிந்தது. சார் கட்டுகளை எண்ணினார். பிறகு என்னை எண்ணச் சொன்னார். முந்நூற்று ஐம்பத்தொன்பது கட்டு, உதிரியாக ஒன்பது. மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. ஒன்று குறைந்தது.

தரையில் தேடினோம். வேனுக்குள், குப்பைக்குள், அட்டைகளுக்கு அடியில், எங்கள் புடவை மடிப்பில்கூடத் தேடினோம். கயிறு எங்கேயோ விழுந்து தொலைந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் ஏதோ ஒரு சட்டையின் பாலிதீன் பையைப் பிரிக்காமலே திரும்பப் போட்டிருந்தால்? நூற்று ஐம்பது பெட்டியில் எதில் என்று தேடுவது? வெள்ளிக்கிழமை காலை வரை முடிந்த அளவு திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் பார்த்தோம், எதிலும் கயிறு இல்லை. மீதியைப் பார்க்க நேரமில்லை. சரக்கு ஏறியது.

சார் இங்க்ரிட்டுக்கு மெயில் எழுதினார். நான் டைப் அடித்தேன். ஒன்று, தவறு எங்களுடையது. இரண்டு, கயிறுகளை எடுத்துவிட்டோம். மூன்று, ஒரு கயிறு கணக்கில் வரவில்லை. நான்கு, தயவுசெய்து ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாருங்கள். அவள் நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். பார்க்கிறோம் என்றாள். பார்த்தோம் என்று எழுதவே இல்லை. நாங்கள் இரண்டு தடவை கேட்டோம். அதற்குள் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாளாம்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் முறை மாறியது. மெயிலை அது வந்த கோலத்திலேயே ஒருவர் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும், இன்னொருவர் பிரிண்டை வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் டிக். நாங்கள் எழுதும் மெயிலில் மட்டும் நிறம் கிடையாது, எதையும் கோடு போட்டு அடிப்பதும் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வார்த்தையில் எழுத வேண்டும். இதுதான் கவிதாவுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில்.

ஆனால் அந்த ஒரு கயிறு என்னை விடவில்லை. வெளிநாட்டில் ஏதோ ஒரு குழந்தை, ஏதோ ஒரு கேட். இருபது வருடம் அதை நினைக்காமல் நான் ஒரு சீசனைக் கடந்ததில்லை. டிவியில் பனி பெய்கிற ஊரைக் காட்டினால் சேனலை மாற்றிவிடுவேன். ஜெனிக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து, அதற்கு யாராவது உடுப்பு வாங்கி வந்தால் என் கை முதலில் கழுத்தைத்தான் தடவும். எல்லோரும் கேலி செய்வார்கள்.

நான் ஓய்வு பெற்ற வாரம், இனிப்பு வாங்கிக்கொண்டு துரைசாமி சாரைப் பார்க்கத் திருமுருகன்பூண்டிக்குப் போனேன். அவர் வேலையை விட்டுப் பல வருடமாகிவிட்டது. நன்றாக மெலிந்திருந்தார். தெருவெல்லாம் சிற்பிகள் கல் கொத்துகிற சத்தம். கொஞ்ச நேரம் பழைய கதை பேசினோம். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு கயிறு. ஒரு பக்கம் முடிச்சு இருந்தது, மறுபக்கம் அவிழ்ந்திருந்தது.

"மொதல் சட்டைய நாந்தானுங்களே உருவிக் காட்டுனேன். பேசிட்டே ஜோப்புல போட்டுட்டேன் போல இருக்குதுங்க அம்மிணி."

"எப்பங்க சார் பாத்தீங்க?"

"ஊட்டுக்கு வந்த மறுநாளுங்க. சட்டையத் தொவைக்கப் போடறப்ப."

"அப்பறம் ஏனுங்க சொல்லுல?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பயந்துட்டனுங்க. ஒண்ணு கொறையுதுன்னு அவங்களுக்கு எழுதியாச்சு. மொதலாளிகிட்டச் சொல்லியாச்சு. அது எம்பட ஜோப்புலயே இருந்துதுன்னா, அப்பறம் எவன் எம்பேச்சக் கேப்பான்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தனுங்க. அப்பறம் சொல்றதுக்கே பயமாப் போச்சுங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இருபது வருடம் சார், இருபது வருடம் என்று கத்தினேன். அவர் வீட்டம்மா காபியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஒரு மனிதன் பயத்தில் வாயை மூடிக்கொண்டால் இன்னொருத்தி ஆயுசுக்கும் பயப்பட வேண்டுமா என்று பஸ் முழுக்கப் புலம்பினேன்.

போன ஐப்பசியில் சார் இறந்துவிட்டார். கோபித்துக்கொண்டு வந்த அந்த நாளுக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. போயிருக்க வேண்டும். அவரை மன்னிப்பதற்காக இல்லை, நானும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்று காலை மெயில் படித்தபோது எனக்கு இருமல் வந்தது என்று எழுதினேன். ஒன்பதாவது வரியில் கயிறு. பத்தாவது வரியில், ஓட்டை அலங்காரத்துக்காக இருக்கலாம். கயிறு போகிற ஓட்டை எப்படி வெறும் அலங்காரமாகும்? அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்தினேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வரி எழுதி இங்க்ரிட்டைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். சார் சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நிறுத்திட்டீங்க? ஏதாவது கேக்கோணுங்களா?"

அவரே கேட்டார். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்கு அவருடைய கண்ணாடி ஞாபகம் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க சார். தொண்டை கட்டியிருக்குது" என்று சொல்லி இருமினேன்.